மூன்றாம் குழிக்குக் கீழே ஒரு கிணறு

மணலில் எண்ணெய் கலக்கலாம் என்று சொன்னது நான்தான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

2004ஆம் வருடம். திருப்பூர்ப் பக்கம் மூன்று வருடமாகச் சரியான மழை இல்லை. எங்கள் முதலாளி தரணீதரனுக்குப் பொங்கலூர் அருகே பன்னிரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. அவருடைய அப்பா சோளமும் கொள்ளும் விதைத்த பூமி. அதில் தரணீதரன் ஐந்து குழி கொண்ட கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார். முதன்முதலில் பனியன் சாம்பிள் எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்து போனபோது அங்கே சரக்கு வாங்குகிற பையர் அவரை ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் ஒரு மட்டையைக் கொடுத்திருக்கிறார். நாற்பது பந்தில் முப்பத்தெட்டு உருப்படியாகப் போகவில்லை. மீதி இரண்டும் போன போக்கைத் தரணீதரன் இன்றைக்கும் கையை நீட்டிக் காட்டுவார். ஆர்டரைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

நான் அவருடைய கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் தையல் ஃப்ளோருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. பெயர் முனீஸ். ஊர் சாத்தூர் பக்கம், படித்தது கோவையில். கூட ஆட ஆள் கிடைக்காமல் தரணீதரன் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதத்தில் அவரைத் தோற்கடித்தேன். அன்று அவர் எனக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

என் மனைவி அபிராமி 2003 ஜூலையில் இறந்தாள். காய்ச்சல், ஆறு நாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் இருந்தது. சனிக்கிழமை போகலாம் என்றேன். சனிக்கிழமை போனோம்.

அதற்குப் பிறகு, கம்பெனி வேலை வந்தால் தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மைதானத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. அங்கே யாரும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். பந்து எங்கே போனது என்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டு மணி நேரம் போய்விடும்.

கோல்ஃபில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும். கிரீன் என்பார்கள். கடைசியில் பந்தை அதன்மேல் உருட்டித்தான் குழியில் விழவைக்க வேண்டும். எங்கள் ஐந்து கிரீனும் 2003 கோடையிலேயே கருகிவிட்டன. கொஞ்ச காலம் தரணீதரன் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார். பிறகு ஒரு நாள் அவரே நிறுத்திவிட்டார்.

"குடத்தத் தூக்கிட்டு ரோட்டோரம் பொம்பளைங்க நிக்கறாங்க. நான் லாரிய மறிச்சுப் புல்லுக்கு ஊத்தறேன். எங்கப்பன் இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாருங்க முனீஸ்" என்றார்.

புல் இல்லாத இடத்தில் ஆற்றுமணலைப் பரப்பினோம். காற்றில் மணல் பறந்தது. நான் இன்டர்நெட்டில் தேடினேன். பாலைவன நாடுகளில் மணலோடு எண்ணெய் கலந்து உருளையால் அழுத்திவிடுகிறார்கள் என்று போட்டிருந்தது. மணல் அசையாது, பந்து நன்றாக உருளும். அதற்குப் பெயர் பிரவுன். தரணீதரனிடம் சொன்னேன்.

"எண்ணெய்க்கு எங்க போறது?"

"நம்ம ஜெனரேட்டர் ரூம்ல பழைய ஆயில் பேரல் பேரலா கெடக்குல்ல சார்."

திருப்பூரில் கரண்ட் போகாத நாள் கிடையாது, ஜெனரேட்டர் இல்லாத கம்பெனியும் கிடையாது. கறுத்துப்போன எண்ணெயை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மண்வெட்டியால் மணலோடு புரட்டினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பந்து அருமையாக உருண்டது. ஒவ்வொரு முறை ஆடி முடிந்ததும் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி இழுத்துக் கால் தடத்தை அழித்துவிடுவோம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரும் நடக்காத மாதிரி ஆகிவிடும்.

மூன்றாம் குழி மேட்டில் இருந்தது. அதற்குக் கீழே இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டி போகிற தடம். இட்டேரிக்கு அந்தப் பக்கம் ரங்காத்தாளின் தோட்டம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, பையன் ஓசூரில் வேலையாக இருந்தான். இரண்டு மாடு, அரை ஏக்கர் முருங்கை, ஒரு கிணறு. அறுபதடிக் கிணற்றில் அடியில் நாலடித் தண்ணீர் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் வற்றாமல் இருந்த கிணறு அது ஒன்றுதான். டேங்கர் லாரிக்காரர்கள் வந்து கேட்டார்கள். அவர் விற்கவில்லை.

எங்களை அவருக்கு ஒரு வேடிக்கையாகத்தான் தெரியும்.

"வந்துட்டீங்களா, குண்டு வெளையாட?" என்பார் வேலிக்கு அப்பாலிருந்து. "பள்ளிக்கூடத்துப் பசங்க மண்ணுல கோலிக்குண்டு அடிச்சா வாத்தியார் முட்டி போடச் சொல்வாரு. உங்களை யாரு போடச் சொல்றது?"

"நீங்க சொன்னா நாங்க போட்டுடறமுங்க அக்கா" என்பார் தரணீதரன்.

"போட்டுட்டு எந்திரிக்க முடியுமா உங்களால? தொப்பையப் பாருங்க."

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் குழியில் நின்றிருந்தபோது கீழே மண் வெட்டுகிற சத்தம் கேட்டது. ரங்காத்தாள் இட்டேரியிலிருந்து தன் கிணற்று மேடுவரை ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். வேலி ஓரம் போய் நின்றேன்.

"எதுக்கும்மா வாய்க்கா?"

"மழத்தண்ணியச் சேத்துங்க, சேத்துங்கன்னு ரேடியோவுல கத்தறாங்கல்ல. கூரைத் தண்ணிய உட்டா நாலு கொடம் நெறையும். இட்டேரித் தண்ணிய உட்டா கெணறு நெறையும்."

"மழையே காணோமேம்மா."

"மழ வந்தப்பறம் வெட்டறதுக்கு நானென்ன உங்க முதலாளியா?" நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் கண்ணு, ரெண்டு வருசமா மாட்டக் குளிப்பாட்டலீங்க. குடிக்கறதுக்கு மட்டும் எறைச்சு ஊத்தறேன். இந்த நாலடியும் போச்சுன்னா மாட்ட வித்துப்போட்டுப் பையன் ஊட்டுக்குப் போறதுதான். அங்க ரெண்டு ரூம்பு. என்னைய எந்த ரூம்புல கட்டுவானோ தெரியல."

சிரித்துவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினார்.

கோல்ஃப் ஆடுகிறவனுக்குச் சரிவு பார்க்கிற பழக்கம் வந்துவிடும். எங்கே நின்றாலும் பந்து எந்தப் பக்கம் போகும் என்று கண் அளக்கும். நான் பிரவுனின் ஓரத்தில் ஒரு பந்தை வைத்து விரலால் தள்ளினேன். அது சரிவில் இறங்கி, கிளுவை வேலியின் இடுக்கில் நுழைந்து, இட்டேரியில் விழுந்து, வாய்க்கால் வாயில் போய் நின்றது. அங்கிருந்து கிணறு இருபதடி.

ரங்காத்தாள் பந்தை எடுத்து வேலிக்கு மேலே வீசினார்.

"குண்ட ஒழுங்காப் புடிச்சு வெச்சுக்கங்க தம்பி."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தரணீதரனிடம் சொன்னேன். அவர் மேட்டில் நின்று கீழே பார்த்தார். அவருக்கும் புரிந்தது.

"அப்ப இதை எடுத்துடோணும்" என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம நாமளே அள்ளிடலாம். சாக்கு எடுத்துட்டு வந்துடுங்க. மழ வந்துடுச்சுன்னா இந்தக் கருமமே நமக்கு வேணாமே. புல்லு வந்துடுமே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையரின் இன்ஸ்பெக்‌ஷன். போகவில்லை. அதற்கடுத்த வாரம் முப்பது நூல் சாக்கை வேனில் போட்டுக்கொண்டு போனோம். வெயில் கொளுத்தியது. வானத்தில் ஒன்றுமில்லை. ஆடினோம். ஆடி முடித்ததும் தரணீதரன் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு முடியுமுங்களா?"

"அடுத்த வாரம் பாக்கலாம் சார்."

அதுவும் நான் சொன்னதுதான். களைப்பாக இருந்தது. அந்த வருடம் எல்லா நாளும் களைப்பாகத்தான் இருந்தது.

தரணீதரன் மழைக்காகக் காத்திருந்த மாதிரி விதைத்தவர்கள்கூடக் காத்திருக்க மாட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, காய்ந்த புல்லின் அடியை நகத்தால் கீறி என்னிடம் காட்டுவார். "வெள்ளையா இருக்குது பாருங்க. உயிர் இருக்குதுங்க." கணியூரில் இருக்கிற மாமனாருக்குத் தினமும் போன். "மானம் எப்படிங்க மாமா?" மாமனார் தன் மூட்டுவலியைப் பற்றி ஆரம்பித்தால், "அது கெடக்கட்டுங்க, மேற்கே இருட்டுதுங்களா?" என்பார். ஒரு நாள் புரொடக்‌ஷன் மீட்டிங் நடுவில் எழுந்து ஜன்னலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சாயப்பட்டறை வாடைதான் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கும் மழை வேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்டால் தெரியாது. புல்லின்மேல் பந்து உருளும்போது சத்தம் இருக்காது. அதற்காக இருக்கலாம்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு ஆடத் தொடங்கினோம். முதல் குழி முடிவதற்குள் காற்று நின்றுவிட்டது. இரண்டாம் குழிக்குத் தரணீதரன் பந்தை வைத்து மட்டையை ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார். பல்லடம் பக்கம் வானம் ஈயம் பூசியது மாதிரி இருந்தது.

"முனீஸ்."

"பாத்தேன் சார்."

"பேசாதீங்க. பேசினா போயிடும்."

பிறகு புழுதி எழுந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டோம். திறந்தபோது முதல் துளி என் கையில் விழுந்தது. கனமாக இருந்தது. தரணீதரன் தொப்பியைக் கழற்றி எறிந்தார். ஷூவைக் கழற்றி எறிந்தார். நாற்பது வயது மனிதர், முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், வெறுங்காலோடு மைதானத்தின் நடுவில் ஓடினார்.

"அடிக்குதுங்க முனீஸ்! அடிக்குது! அடிடா சாமி, நல்லா அடி!"

மட்டையைத் தலைக்கு மேலே சுழற்றினார். இடி இடித்தது. "அதைக் கீழ போடுங்க சார்" என்று கத்தினேன். போட்டுவிட்டுக் கையைச் சுழற்றினார். காய்ந்த புல்லில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்தார்.

நான் நின்றேன். நனைந்தேன். நல்ல மழை. ஒன்றும் தோன்றவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்று தோன்றியது. முகத்தை அதற்குத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் மூன்றாம் குழியைப் பார்த்தேன். பிரவுன் பளபளத்தது. அதன் கீழ் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு கறுப்பு நீர் சரிவில் இறங்கியது.

ஓடினேன்.

வேலி இடுக்கில் நுழையும்போது கிளுவை முள் சட்டையைக் கிழித்தது. இட்டேரியில் கணுக்கால் அளவுக்குச் செந்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ரங்காத்தாள் தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாய்க்காலின் வாயில் நின்றிருந்தார். ஆடு மிதிக்காமல் இருக்க அதை மண் போட்டு அடைத்திருந்தார். அந்தக் கரையை வெட்டித் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மூடுங்கம்மா! வாய்க்கால மூடுங்க!"

"என்னுங்க?"

"மூடுங்க. தண்ணி உள்ள போவக் கூடாது."

அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. மூன்று வருடம் காத்திருந்து வந்த தண்ணீர்.

"ஏனுங்க, உங்க முதலாளி அனுப்பிச்சாரா? இதுவும் உங்க குண்டுக் காட்டுக்கு வேணுமாமா?"

"இல்லம்மா, எண்ணெ..."

"இட்டேரி பொது. யாரு தண்ணியும் இல்ல இது. மானத்துத் தண்ணி."

நான் அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றோம். அவருக்குப் பலம் அதிகம்.

"மேல மணல்ல எண்ணெ இருக்கும்மா. ஜெனரேட்டர் எண்ணெ. நாங்கதான் கலந்தோம். அது தண்ணியோட வருது."

"எண்ணெயா? என்ன எண்ணெ? சோத்துக்கு ஊத்தற எண்ணெயா?"

குனிந்து ஓடுகிற தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளி அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். செந்தண்ணீரின் மேல் பச்சையும் ஊதாவுமாக ஒரு படலம் நெளிந்தது. அவர் முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, வெட்டிப் போட்ட மண்ணையெல்லாம் திருப்பி இழுத்து வாய்க்காலின் வாயை அடைத்தார். நான் கையால் மண் அள்ளிப் போட்டேன். தண்ணீர் ஒரு நிமிடம் முட்டி நின்று, பிறகு இட்டேரி வழியே ரோட்டுப் பக்கம் திரும்பியது.

"எங்க அண்ணன் காடு ஆத்தோரம் இருக்குது" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "சாயத்தண்ணி வந்து தென்னை பூராம் போச்சு. அவனப் பாத்து நான் சொன்னேன், நான் மேட்டுல இருக்கறேன்டா, என்றகிட்ட ஒரு சாயமும் வராதுன்னு. ஆத்தோரம் இருக்கறவனுக்குச் சாயம். எனக்கு ஆயிலு."

கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்தோம். கீழே தண்ணீர் கலங்கிக் கிடந்தது. வாய்க்கால் விழுந்த பக்கம் ஒரு பாய் அகலத்துக்கு எண்ணெய்ப் படலம் மிதந்தது. மழைத்துளி விழுந்து விழுந்து அதைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒரு மாசமா."

"நான் வாய்க்கா வெட்டறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நின்னு பாத்துட்டு இருந்தீங்களே."

நான் மறுபடி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

எண்ணெய் மிதக்கிறது, கரையவில்லை. அது மட்டும்தான் மனதில் ஓடியது. மட்டை துடைப்பதற்காகப் பனியன் வேஸ்ட் வேனில் எப்போதும் கிடக்கும். கட்டிங்கில் விழுகிற துணித் துண்டுகள். அன்றைக்கு இரண்டு மூட்டை இருந்தது. எங்கள் ஃப்ளோரில் மெஷின் எண்ணெய் சிந்தினால் அதைப் போட்டுத்தான் ஒற்றியெடுப்போம். மறுபடி ஓடினேன். வேன் மைதானத்தின் வாசலில் நின்றது. தரணீதரன் வழியில் வந்தார், தலைமுடியிலிருந்து தண்ணீர் வடிய, முகமெல்லாம் பல்.

"எங்கங்க போனீங்க? நாலாவது குழிகிட்ட வந்து பாருங்க, தண்ணி நிக்குது. நிக்குதுங்க!"

"எண்ணெ கெணத்துல எறங்கிருச்சு சார்."

அவர் முகம் மாறுவதைப் பார்க்க நான் நிற்கவில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பின்னால் அவர் இன்னொரு மூட்டையோடு வெறுங்காலில் வருவது கேட்டது.

கிணற்றின் உட்சுவரில் கல் படிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இறங்கத் தொடங்கினேன்.

"வழுக்குமுங்க, எறங்காதீங்க" என்றார் ரங்காத்தாள். கோபத்தோடுதான் சொன்னார்.

வழுக்கியது. பயம் வரவில்லை. அது நல்லதல்ல என்று தெரியும். ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவி இறங்கினேன். கடைசிப் படி தண்ணீருக்கு ஓரடி மேலே இருந்தது. அதில் குந்தி உட்கார்ந்து, துணித் துண்டுகளைப் படலத்தின்மேல் பரப்பினேன். வெள்ளை, நீலம், ஒரு சீசன் முழுக்க நாங்கள் ஏற்றுமதி செய்த ஆரஞ்சு. துணி எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. கறுத்ததை எடுத்துப் பக்கெட்டில் போட்டேன். தரணீதரன் மேலே இழுத்தார். ரங்காத்தாள் அதைத் தூரமாகக் கொட்டிவிட்டு வேறு துணியை நிரப்பி இறக்கினார். மேலிருந்து இருவர் பேச்சும் கிணற்றுக்குள் தெளிவாகக் கேட்டது.

"தப்பு என்னோடதுங்க அக்கா."

"யாரு தப்பானா என்ன, பக்கெட்ட ஆட்டாம இழுங்க. பாதி திரும்பிக் கெணத்துலயே ஊத்துது."

"சரிங்க."

"குண்டு அடிக்கத் தெரியுது. தண்ணி சேந்தத் தெரியல."

"எங்கம்மா சேந்துவாங்க. நான் பழகலீங்க."

"பேச்சக் கொறைச்சுட்டு இழுங்க சாமி."

எத்தனை பக்கெட் என்று எண்ணவில்லை. மழை குறைந்தபோது படலம் போய்விட்டிருந்தது. ஓரங்களில் கல்லில் ஒட்டியிருந்த கறையையும் துடைத்தேன். மேலே ஏறி வந்தேன். ரங்காத்தாள் கை நீட்டவில்லை. தரணீதரன் நீட்டினார்.

"நாளைக்குக் காலையில பத்துப் பேர அனுப்பி மணல எடுத்துடறனுங்க அக்கா" என்றார் அவர்.

"ராத்திரி மழ வந்தா?" என்றார் ரங்காத்தாள்.

தரணீதரன் என்னைப் பார்த்தார்.

"இப்பவே அள்ளலாம் சார்" என்றேன்.

சாக்குகள் வேனில்தான் இருந்தன. மூன்று வாரமாக அங்கேயே கிடந்தன. ஈர மணல் கனமாக இருந்தது. நான் வெட்டினேன், அவர் சாக்கைப் பிடித்தார். பிறகு அவர் வெட்டினார். நான்கு மாதம் பலகை இழுத்துச் சமப்படுத்திய இடம் குண்டும் குழியுமாக ஆனது. பதினாறு மூட்டை ஆகும்போது பொழுது இறங்கிவிட்டது. மீதி மணலைத் துணி மூடுகிற தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்தோம். மூட்டைகளை ஒவ்வொன்றாக வாசலில் நின்ற வேனுக்குச் சுமந்ததில், ஐந்து நாள் ஆடினால்கூட நடந்திருக்காத தூரம் நடந்தோம். திரும்பும்போது வேனைத் தரணீதரன் ஓட்டினார். பல்லடம் தாண்டியபிறகு, "நல்ல மழைங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லீங்களா?" என்றார்.

"நல்ல மழை சார்."

திங்கட்கிழமை ஆட்கள் வந்து மூன்றாம் குழியின் மீதி மணலையும், அதற்கு அடியில் ஒரு சாண் மண்ணையும் எடுத்தார்கள். மற்ற நாலு குழியின் மணலையும் எடுக்கச் சொல்லிவிட்டார் தரணீதரன். அந்த மணல் எல்லாம் கம்பெனிக்குப் பின்னால், ஜெனரேட்டர் ரூமை ஒட்டி ஷீட் கூரைக்கு அடியில் அடுக்கப்பட்டது. எண்ணெய் எங்கிருந்து போனதோ அங்கேயே திரும்பி வந்தது. அதை என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேற்கே இருட்டியது. நான் ஒரு பொத்தான், லேபிள் ஆர்டருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். தரணீதரன் தன் அறை வாசலில் நின்றிருந்தார்.

"போறீங்களா?"

"ஆமா சார்."

"நாலு மணிக்குப் பையர் போன்ல வருவாரே."

"தெரியும் சார்."

"நான் பேசிக்கறேன். போங்க."

பைக்கில் போனேன். பொங்கலூர் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. இட்டேரியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். ரங்காத்தாள் அடைத்த வாய்க்காலின் பக்கத்தில் நின்றிருந்தார். தலையில் அதே சாக்கு. ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் சொம்பு. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியது. வேலி இடுக்கு வழியே வந்து இட்டேரியில் சேர்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். செம்மண் நிறம். மேலே இலை, சுள்ளி, ஆட்டுப் புழுக்கை. படலம் எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. என் சொல்லுக்கு அங்கே மதிப்பு இல்லை.

அவர் குனிந்து சொம்பில் தண்ணீரை மொண்டார். முகர்ந்தார். ஒரு விரலை விட்டு, அந்த விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். பிறகு சொம்பை என்னிடம் நீட்டினார்.

"குடிங்க."

"நானா?"

"பின்ன யாரு? என்ற மாடா?"

வாங்கிக் குடித்தேன். பாதி குடித்ததும் நிறுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மீதியையும் குடித்தேன். பல்லில் மண் நெரிந்தது.

"என்ன வருது?"

"மண்ணு."

"எண்ணெ?"

"இல்லம்மா."

சொம்பை வாங்கி அதன் அடியை முகர்ந்தார். உடனே வெட்டவில்லை. மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார். எனக்கு வாந்தி வருகிறதா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. தண்ணீர் எங்கள் காலை ஒட்டி ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். மழை இப்போது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்படி அடித்து வெகுநாள் ஆகியிருந்தது. நின்றுவிடக் கூடாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது.

"வயிறு பெரட்டுதா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க."

"இல்லம்மா. பெரட்டல."

அவர் திரும்பி நின்று மண்வெட்டியை ஓங்கினார். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. அவரே மூன்று வெட்டு வெட்டினார். கரை உடைந்தது. தண்ணீர் ஒரு கணம் சுழன்றுவிட்டு வாய்க்காலில் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள் அது விழுகிற சத்தம் கேட்டது. ரங்காத்தாள் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஊட்டுக்குப் போங்க. நனஞ்சது போதும்" என்றார்.

"கொஞ்ச நேரம் நிக்கறேம்மா."

"நிக்கறதுன்னா அக்கட்ட நில்லுங்க. தண்ணி வர்ற பாதையில நிக்காதீங்க."

நகர்ந்து நின்றேன்.